கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

இந்த மேசையைக் கடைசியாக யார் எப்போது துடைத்தார்கள் என்று தெரியவில்லை. டீக்கோப்பை வைத்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடக்கின்றன. பரவாயில்லை, நான் கைகளை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சௌகரியமாக எழுதுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விசாரணை அறிக்கை வெளியான பிறகு நானாகத்தான் வந்தேன். அறிக்கையை முழுவதும் படித்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒத்திகைக்காக வைத்திருந்த தேர்தல் முடிவுகள், ஓட்டுப்போடும் நாளுக்கு முன்பே, மதிய நேரத் தொடர் ஒன்றின் அடியில் ஓடிவிட்டன. கட்டுப்பாட்டு அறையில் பொத்தானை அழுத்திய பெண்ணின் கவனக்குறைவு அதற்குக் காரணம். அவளை மேற்பார்வை செய்ய வேண்டிய கிராபிக்ஸ் பிரிவுத் தலைவரின் கவனக்குறைவும் ஓரளவு காரணம். அந்தத் தலைவர் நான். அவளுக்கு வேலை போய், வழக்கும் வந்துவிட்டது. என்னைக் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள்.

கவனக்குறைவு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன். என் வாழ்நாளில் நான் எதையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை.

தொலைக்காட்சி என்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பளபளவென்று தெரியும். உள்ளே வந்து பாருங்கள். விசைப்பலகை இடுக்குகளில் யாரோ தின்ற பிஸ்கட் தூள் இருக்கும். மேசைக்கு அடியில் கையை விட்டால் மென்று ஒட்டிய சூயிங்கம் தட்டுப்படும். செய்தி வாசிக்கிறவர்கள் எல்லாருடைய முகத்தையும் ஒரே மேக்கப் பஞ்சுதான் ஒற்றி எடுக்கும். காலையில் வாசித்தவரின் வியர்வை சாயங்காலம் வாசிக்கிறவரின் கன்னத்தில் இருக்கும். மக்கள் அந்த முகத்தைப் பார்த்து நாட்டு நடப்பு தெரிந்துகொள்கிறார்கள். நான் வந்ததும் என் மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். "டாக்டர் ஆபரேஷனுக்கு வந்துட்டாருடா" என்று பின்னால் சிரிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. என் பிரிவிலிருந்து ஒரு எழுத்துப்பிழைகூடத் திரைக்குப் போனதில்லை. சிரித்தவர்களுக்கும் அது தெரியும்.

உண்மையான டாக்டர் என் அண்ணன். மனிதர்களுக்கு அல்ல, மாடுகளுக்கு.

அவன் எப்படிப்பட்டவன் என்று அறிக்கையில் எதுவும் இல்லை, 'அன்னாரின் அகால மறைவு' என்பதோடு முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அவன் பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பிவிட்டு வருவான். வந்து குழாயடியில் ஒரு அலசு அலசுவான். அதோடு சரி. அப்படியே உட்கார்ந்து சாப்பிடுவான். சாப்பிடும்போதே பக்கத்துத் தட்டில் கை போகும். "உனக்கு வேணாமா? குடு" என்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். அந்தக் கையாலேயே முதுகில் தட்டுவான், கன்னத்தைக் கிள்ளுவான், குழந்தைகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான். அவன் ஒரு அறைக்குள் வந்துவிட்டுப் போனால் மாட்டுக்கொட்டகை வாடையும் பினாயிலும் கலந்து வெகுநேரம் நிற்கும். ஆனால் யாருமே மூக்கைப் பொத்தியதில்லை. எனக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

சின்ன வயதில் எனக்கு ஒரு முறை வாந்தியும் பேதியும் கண்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அண்ணன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியெல்லாம் அவன்மேல்தான் எல்லாம் வழிந்தது. போய்ச் சேர்ந்ததும் தன் சட்டையைக் கழற்றி, அதன் சுத்தமான பக்கமாகப் பார்த்து என்னைத் துடைத்துவிட்டான். அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. அவன் அதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. ஒரு சண்டையில்கூட, கோபத்தில்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கணக்கை அன்றே முடித்திருப்பேன்.

பொறாமை என்று எழுதப் போகிறீர்கள். உங்கள் பேனா அந்தப் பக்கம் சாய்வது தெரிகிறது. இல்லை. அவனிடம் இருந்த எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் நகரத்துக்கு வந்து, படித்து, நல்ல பகுதியில் வீடு வாங்கினேன். வீட்டுக்கு ஒரு நாள் அலுவலகத்தில் பெரியவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். செய்தி ஆசிரியர் வந்திருந்தார். அன்று பார்த்து அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். சட்டைக் கையில் ரத்தம். வழியில் யாருடைய எருமையோ கன்று போட முடியாமல் தவித்ததாம், இறங்கிவிட்டானாம். செய்தி ஆசிரியரைக் கட்டிப்பிடித்து, "எங்க தம்பிய நல்லாப் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டான். அவரும் சிரித்தார். அன்றைக்கு நான் மாதக்கணக்கில் யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்த திரைச்சீலைகளையோ, புத்தக அலமாரியையோ யாரும் பார்க்கவில்லை. எருமை எப்படிக் கன்று போடும் என்று கேட்டுக்கொண்டு எல்லாரும் அவனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு செய்தி ஆசிரியர் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் ஒரே கேள்விதான்.

"உங்கண்ணன் எப்படிப்பா இருக்கார்?"

அன்று அண்ணன் சாப்பிட்ட தட்டை நான் குப்பையில் போட்டேன். மனைவி பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் வந்த அருவருப்பு அந்தத் தட்டைப் பற்றியது அல்ல என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஊர்த் தொகுதியில் பல காலமாக ஒரு கல்குவாரி முதலாளிதான் சட்டமன்ற உறுப்பினர். அவரும் அருவருப்பான ஆள்தான், ஆனால் அவருடைய அழுக்கு வேறு வகை. பார்த்ததும் தெரிந்துவிடும், விலகி நடக்கலாம். குவாரித் தூசியில் மாடுகள் செத்தபோது அண்ணன் அவற்றை அறுத்துப் பார்த்து, நுரையீரலை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டுபோய் அதிகாரியின் அறையில் வைத்தான். அதற்குப் பிறகு ஊர் அவனை விடவில்லை. தேர்தலில் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்றே ஆக வேண்டும் என்றார்கள். அவன் எனக்குப் போன் செய்தான். எதையுமே என்னைக் கேட்காமல் செய்ய மாட்டான். மகளுக்கு என்ன படிப்பு என்பதிலிருந்து எந்த வண்டி வாங்குவது என்பதுவரை.

"டேய், எல்லாரும் நில்லு நில்லுங்கறாங்க. எனக்குப் பேசக்கூட வராது. நீ என்ன சொல்ற?"

"நில்லுண்ணா" என்றேன்.

"சரி, நீ சொன்னா சரிதான்."

பிரசாரத்துக்கு ஒரு நாள் போயிருந்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதே. வேனின் மேல் என்னை இழுத்து ஏற்றி, மைக்கில், "இவன் என் தம்பி. டிவில இருக்கான். என் மூளையே இவன்தான்" என்றான். கீழே இருந்தவர்கள் கைகளை நீட்டினார்கள். தொட்டார்கள். மண்ணும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த கைகள். ஒரு பெண் மூக்கு ஒழுகுகிற குழந்தையைத் தூக்கி நீட்டினாள். அண்ணன் வாங்கி, தன் துண்டால் மூக்கைத் துடைத்து, அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டான். கூட்டம் அப்படி ஒரு சத்தம் போட்டது. நான் அன்று விடுதிக்கு வந்து குளித்தேன், மறுபடி குளித்தேன், தோல் எரிகிறவரை தேய்த்தேன். கண்ணாடியில் பார்த்தபோது தோன்றியது: இவ்வளவு பேர் ஒரு மனிதனை இப்படிக் கூச்சமே இல்லாமல் விரும்புவது ஆரோக்கியமான விஷயம் அல்ல. அதில் கொஞ்சம் சந்தேகத்தைக் கலக்க வேண்டும். கிருமிநாசினி மாதிரி.

திட்டம் என்று சொல்லாதீர்கள். பெரிய சொல். நான் செய்தது சின்னச் சின்ன வேலைகள்தான், ஒவ்வொன்றும் என் வேலைக்கு உட்பட்டது.

தேர்தல் வருவதற்கு முன்பு முடிவுகள் காட்டும் பட்டையை நாங்கள் ஒத்திகை பார்ப்போம். திரையின் அடியில் ஓடுமே, தொகுதி, வேட்பாளர் பெயர், முன்னிலை, வெற்றி என்று, அதுதான். ஒத்திகைக்கு வேட்பாளர் பெயருக்குப் பதில் பூக்களின் பெயரைப் போடுவது வழக்கம். ரோஜா முன்னிலை, அரளி பின்னடைவு. தப்பித்தவறி வெளியே போனாலும் பூக்கடை விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். இந்த முறை நான் பூக்களை எடுத்துவிட்டு நிஜப் பெயர்களைப் போட்டேன். செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்குப்பா நிஜப் பேரு?"

"சில பேரு நீளமா இருக்கு சார். பட்டையில அடங்குதான்னு பார்க்கணும்ல."

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். அடங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது உண்மைதான். மற்றத் தொகுதிகளுக்கு எண்களை இயந்திரமே தன் போக்கில் போட்டுக்கொண்டது. எங்கள் ஊர்த் தொகுதிக்கு மட்டும் நானே உட்கார்ந்து அடித்தேன். அண்ணனுக்கு வெற்றியைக் கொடுத்தேன். சாதாரண வெற்றி இல்லை. யாரும் நம்பவே முடியாத வெற்றி. குவாரி முதலாளிக்கு அவர் குடும்பத்து ஓட்டாவது விழுந்ததா என்று கேட்க வைக்கிற வெற்றி.

அந்தப் பொத்தான் அழுத்துகிற பெண்ணை அலுவலகத்தில் 'தும்மல்' என்று கூப்பிடுவார்கள். ஏசி ஒத்துக்கொள்ளாது. எப்போதும் சால்வையின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பாள். அதே விரல்களால் பொத்தான்களைத் தொடுவாள். ஆனால் வேலையில் கெட்டி என்பதை மறுக்க மாட்டேன். அவள் முன்னால் இருக்கும் பலகையில் ஒத்திகைத் திரைக்குத் தனிப் பொத்தான், வெளியே ஒளிபரப்புக்குத் தனிப் பொத்தான். எது எங்கே போக வேண்டும் என்று பின்னால் இருக்கும் கணினியில் அமைத்துக்கொள்ளலாம். அமைக்கிற அதிகாரம் எனக்கு உண்டு. அன்று மதியம் அவள் மூக்கைக் கழுவிக்கொண்டு வரப் போனாள். ஒத்திகைப் பொத்தானை அழுத்தினால் வெளியே ஒளிபரப்புக்குப் போகும்படி நான் மாற்றி வைத்தேன். வந்து உட்கார்ந்தாள்.

"பட்டையை ஒத்திகைக்கு ஏத்தும்மா, பார்க்கலாம்" என்றேன்.

"ஏத்திட்டேன் சார்" என்றாள். அழுத்த வேண்டிய பொத்தானைத்தான் அழுத்தினாள். அறிக்கையில் அவள் தவறான பொத்தானை அழுத்தியதாக இருக்கிறது. அது பிழை. திருத்திக்கொள்ளுங்கள்.

தொடரில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். அவள் முழங்கைக்குக் கீழே என் அண்ணன் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தான். பட்டை வெகு அழகாக ஓடியது. எழுத்துகள் ஒன்றுகூடப் பிதுங்கவில்லை. ஒளிபரப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவன் நான். நான் எழுந்து கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் கட்டடத்தில் எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. தும்மல் பலகையைப் பார்த்துக்கொண்டு சிலைபோல நின்றாள். பட்டையை நிறுத்தினேன். ஒரே அழுத்தில், ஒத்திகைப் பொத்தான் முன்பு போன இடத்துக்கே மறுபடி போகும்படியும் செய்துவிட்டேன். அதனால்தான் உங்கள் நிபுணர்கள் வந்து சோதித்தபோது பலகை ஒழுங்காக இருந்தது.

செய்தி ஆசிரியர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். அக்குள் இரண்டும் நனைந்திருந்தன.

"மன்னிப்பு ஒண்ணு வாசிக்கணும், உடனே. யார் எழுதறது? நீயே எழுதுப்பா. நீதான் சுத்தமா எழுதுவ."

எழுதினேன். அதையும் உங்கள் அறிக்கையில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் படித்துப் பார்க்கவில்லை. 'முன்கூட்டியே தயாரித்து வைக்கப்பட்டிருந்த தேர்தல் முடிவுகள், தவறுதலாக இன்று ஒளிபரப்பாகிவிட்டன. வருந்துகிறோம்.' அவ்வளவுதான். மாதிரி என்ற சொல்லை நான் போடவில்லை. ஒத்திகை என்ற சொல்லையும் போடவில்லை. போட்டவற்றில் பொய் எதுவும் இல்லை. முன்கூட்டியே தயாரித்தவைதான். தேர்தல் முடிவுகள்தான். இன்று வெளியே போயிருக்கக் கூடாதவைதான். செய்தி ஆசிரியர் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கச்சிதம்" என்றார். செய்தி வாசிக்கிறவர் உருக்கமான முகத்தோடு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

பட்டையைப் பார்க்காதவர்கள்கூட மன்னிப்பைப் பார்த்தார்கள்.

ஊரில் என்ன நடந்தது என்று நீங்கள் போய்க் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், நான் அதில் சேர்க்க அதிகம் இல்லை. முடிவை முன்னாடியே அச்சடித்து வைத்துவிட்டார்கள், மாட்டு டாக்டர் எல்லாரையும் வாங்கிவிட்டார், அவர் தம்பிதான் அந்த டிவியில் இருக்கிறான் என்று பேச்சு எழுந்தது. மூளை என்று மைக்கில் சொன்னானே, அதுவும் சேர்ந்துகொண்டது. குவாரி ஆட்கள் லாரியில் வந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எனக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது மற்றவர்கள் வந்ததுதான். அவனைக் கட்டிப்பிடித்தவர்கள், குழந்தையை நீட்டியவர்கள். குவாரி ஆட்கள் கோபப்படவே இல்லையாம், வேலையாக வந்தவர்கள்போல நின்றார்களாம். கோபப்பட்டவர்கள் இவர்கள்தான். 'நம்மளையே ஏமாத்திட்டானே' என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று அண்ணனிடம் வேலை பார்த்த கம்பவுண்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். விரும்புவதற்கு எப்படி வெட்கப்படவில்லையோ, இதற்கும் வெட்கப்படவில்லை. ஒரே கைகள்தான்.

அண்ணன் அப்போது வீட்டு முன்னறையில் இருந்தான். தேர்தலுக்காக அரசாங்க வேலையை விட்ட பிறகு அதுதான் அவன் வைத்தியசாலை. தேர்தலாவது ஒன்றாவது என்று ஒரு ஆட்டுக்குக் காலில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தானாம். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு, கைகளை விரித்தபடி படியிறங்கிப் போனான். முதல் கல் யாருடையது என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே நின்றவர்களில் ஒருவனுடைய பசுவுக்கு அந்த வாரம்தான் அவன் தையல் போட்டிருந்தான். அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு வேறு ஊரிலிருந்து ஒரு டாக்டரை அழைத்துவந்து பிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

கட்சி வேட்பாளர் இறந்துவிட்டால் அந்தத் தொகுதியில் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அது விதி. மற்ற எல்லா இடங்களிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. முடிவுகள் வந்த நாளில் என் பட்டை ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

ஊருக்குப் போனேன். அவனைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவன்மேல் சோப்பு வாசனை வந்தது. அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதாள். என் சட்டை முழுக்க நனைந்தது. நான் அசையாமல் நின்றேன்.

"தம்பி, கடைசியா உங்ககிட்டதான் பேசினாரு. என்ன சொன்னாரு?"

"என்னைப் பத்திதான் கேட்டார் அண்ணி" என்றேன்.

"அவருக்கு எப்பவும் உங்க நெனப்புதான்" என்று இன்னும் அழுதாள். மகள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பில் விரல் ரேகை இருந்தது. குடித்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் அன்று நான் எதையும் மறுக்கவில்லை.

தும்மலும் என்னைப் பார்க்க வந்தாள், வேலை போன பிறகு. வாசலிலேயே நின்றாள்.

"சார், நான் சரியான பட்டனைத்தான் அழுத்தினேன் சார். எத்தனை தடவ யோசிச்சுப் பார்த்தாலும் அப்படித்தான் சார் ஞாபகம் இருக்கு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க."

"மனுஷங்கதானே, தப்பு நடக்கும்மா" என்றேன். "ஒடம்பப் பார்த்துக்க."

அவள் சால்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். என் அண்ணனைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். அவள் தொட்ட கதவுப் பிடியை நான் துடைத்தேன். துடைக்கும்போது மனைவி பின்னால் நின்றிருந்தாள். மறுநாள் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. கவனக்குறைவு என்று போட்டிருந்தது. அந்தச் சொல் விசைப்பலகையில் பிஸ்கட் சிந்துகிறவர்களுக்கு உரியது. ஒரே பஞ்சால் எல்லார் முகத்தையும் ஒற்றுகிறவர்களுக்கு உரியது. நிஜப் பெயர்களை யோசித்துப் போட்டேன். எண்களை யோசித்து அடித்தேன். பொத்தானை யோசித்து மாற்றினேன். மன்னிப்பில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவள் பெயரை எடுத்துவிடுங்கள். என் வேலையில் அவள் கை பட்டதாக இருக்க வேண்டாம்.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவன் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். யாரும் தொடாத ஒரு மனிதனாக, ஒரு அறையில், தனியாக, கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். தொகுதியை விட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பான். வந்தால் தனித் தட்டு, தனித் துண்டு, எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். எடுங்கள், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் போன் அழைப்பைப் பற்றி விசாரணையின்போதே கேட்டீர்கள். அண்ணியிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொன்னேன். அது உண்மை, ஆனால் முழுவதும் இல்லை. அன்று சாயங்காலம் மன்னிப்பை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். நான் தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தேன். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. ஆடு கத்துவதும் கேட்டது.

"டேய், உனக்கு ஒண்ணும் ஆகலையே? வேலைக்குப் பிரச்சினை வருமா? யாராவது கேட்டா எங்கண்ணன்தான் போடச் சொன்னான்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா."

"அப்பாடா. இங்க நெறைய பேரு வந்து நிக்கறாங்க. அண்ணியையும் பொண்ணையும் பின்னால அனுப்பிட்டேன். கம்பவுண்டர் வண்டிய எடுத்து வச்சிட்டு வா வாங்கறாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. போயிடட்டுமா, இல்ல நின்னு பேசட்டுமா? நீ சொல்லு."

தாழ்வாரத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. எங்கள் செய்தியாளர் அந்த வீட்டு வாசலிலிருந்து நேரலை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். கூட்டம் தெரிந்தது. கைகளில் இருந்தவை தெரிந்தன. அவன் வீட்டுக் கதவு தெரிந்தது, சாத்தியிருந்தது. பின்பக்கத் தெரு காலியாக இருக்கிறது என்று செய்தியாளரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓடினா தப்புப் பண்ணவன்னு ஆயிடும்ணா" என்றேன். "கதவைத் திறந்து வெளிய போ. போய்ப் பேசு. ஊருக்கே உன்னைப் பிடிக்கும். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"அதானே. நம்ம ஆளுங்கதானே" என்றான். குரலில் நிம்மதி தெரிந்தது. "நீ சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்."

போனை அணைக்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. திரையில் கதவு திறந்தது. நான் காதையும் எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை, முடிகிறவரை.

நான் அவனிடம் சொன்னதை நீங்கள் எழுதியபடியே ஒரு முறை திருப்பிப் படியுங்கள். அவன் கேட்டான், எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். ஊருக்கே உன்னைப் பிடிக்கும் என்றேன். அதில் என்ன பொய் இருக்கிறது? அவனை யாருக்குத்தான் பிடிக்காது?